ஆறாம் வருஷம்

ஐயம்பேட்டை,
12-7-1970

முசரவாக்கம் தர்மனின் ஒரே மகளும், சென்னை மாநகரத்து மின்சாரத்தையெல்லாம் மிரட்டி வேலை வாங்கப் போகிறவளுமான மருமகள் கிருஷ்ணவேணிக்கு, உன் அம்மா ஜெயம்மாளின் அண்ணனும், இந்த வட்டாரத்து ஆயில் என்ஜின்களுக்கெல்லாம் ராஜ வைத்தியனுமான மாமன் அர்ஜுனன் எழுதுவது. இங்கே என் இடது முழங்கால் தவிர எல்லாரும் சுகம். அங்கே உன் உடம்பு எப்படி? விடுதிச் சாம்பாரில் பருப்பு வந்து சேர்ந்ததா, இன்னும் வழியில்தான் இருக்கிறதா?

நீ அனுப்பிய படிவத்தில் கார்டியன் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். நாலு வருஷத்துக்கு முன்னால் உன் நைனா நடவு வேலையில் மாட்டிக்கொண்டு, உன்னைக் காலேஜில் சேர்க்க நான் வந்தேனே, அன்று என் பெயரை அவர்கள் ரிஜிஸ்டரில் எழுதினார்கள். அதற்கு இன்றுதான் அர்த்தம் வந்தது. கையெழுத்தின் கடைசிச் சுழி காகிதத்தில் அடங்காமல் மேஜைமேல் ஒரு முழம் ஓடிவிட்டது. பிரின்சிபால் கேட்டால் மேஜையையும் அனுப்பி வைக்கிறேன்.

விஷயத்தை நான் புரிந்துகொண்டது சரியா பார். பி.இ. ஐந்து வருஷம், எம்.இ. இரண்டு வருஷம், ஆக ஏழு. கெட்டிக்காரப் பிள்ளைகள் ஐந்து பேரைப் பொறுக்கி எடுத்து, இரண்டையும் சேர்த்து ஆறே வருஷத்தில் முடிக்கவைக்கிறார்கள். அந்த ஐந்து பேரில் நீ ஒருத்தி. எங்கள் தெருவில் கோர்வைச் சேலை நெய்வதுபோல: உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடா ஓடினாலும் சேலை ஒரே தறியில் ஒரே நேரத்தில் வளர்கிறது. சரிதானே?

இதை டீக்கடை நடத்தும் சின்னப்பையனிடம் சொன்னேன். அந்தப் பாவி வடைச்சட்டியிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்கிறான்: "அஞ்சு வருஷப் படிப்புன்னு சொல்லிக்கினு இருந்தியே, இப்போ இன்னா ஆறுன்றே? பொண்ணு பெயிலாப்பா?"

வேணி, அந்த நிமிஷம் என் உச்சந்தலையிலிருந்து கிளம்பிய புகையைப் பார்த்து, தாமல் ஏரிக் கொக்குகள் மழை வருகிறதென்று கூட்டுக்குத் திரும்பின. நான் ஒரு மணி நேரம் பேசினேன். கடையிலிருந்த பதினேழு பேரும் எழுந்து நின்று கேட்டார்கள். (மூன்று பேர் பஸ் வந்ததால் எழுந்தார்கள். அதை விடு.) கடைசியில் சின்னப்பையன் வாயடைத்து எனக்கொரு வடை கொடுத்தான். நான் வாங்கவில்லை. அப்புறம் வாங்கினேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். கண்ணுக்கு வெளிச்சம் வைத்துப் படி.

ஆசியுடன்,
மாமன் அர்ஜுனன்

*

மகளிர் விடுதி, சென்னை,
18-7-1970

அன்புள்ள மாமாவுக்கு வேணி வணக்கத்துடன் எழுதுவது. நலம். முழங்காலுக்குத் தைலம் தடவச் சொன்னேனே, தடவுகிறீர்களா? பருப்பு வரவில்லை.

படிவம் கிடைத்தது. நன்றி. கோர்வை உவமை சரிதான், ஆனால் மிச்சத்தையும் யோசியுங்கள். பாதியில் தறியிலிருந்து அறுத்தால் அது சேலையும் இல்லை, துண்டும் இல்லை. இந்தப் படிப்பும் அப்படித்தான். ஒரு வருஷத்தை மிச்சம் பிடிப்பதற்காக எம்.இ. பாடங்களில் பாதியை இந்த ஐந்தாம் வருஷத்திலேயே வைத்துவிட்டார்கள். பி.இ.யின் கடைசிப் பாடங்களையும் ப்ராஜெக்டையும் ஆறாம் வருஷத்துக்குத் தள்ளிவிட்டார்கள். இரண்டு பட்டமும் 1972இல் ஒன்றாகத்தான் வரும். 1971 ஏப்ரலில் நின்றுவிட்டால் பி.இ. கூடக் கிடையாது. பி.யு.சி. படித்தவளாகத்தான் வீட்டுக்கு வருவேன். இது படிவத்தின் பின்பக்கத்தில் இருந்தது. நீங்கள் பின்பக்கத்தைத் திருப்பியிருக்க மாட்டீர்கள்.

நைனாவுக்கு இன்னும் தெரியாது. ஊர் முழுக்க ஐந்து ஐந்து என்று சொல்லி வைத்திருப்பவர் அவர். கடிதத்தில் எழுதினால் கோபம்தான் வரும். தீபாவளிக்கு வரும்போது மார்க் ஷீட்டை எதிரில் வைத்து நானே சொல்கிறேன். அதுவரை நீங்கள் யாரிடமும் சொல்லக்கூடாது. டீக்கடையில் சொன்னதோடு போதும். பி.யு.சி.யில் முதல் வகுப்பு வாங்கியபோது கவர்னர் கையால் எனக்குத் தங்கப் பேனா கிடைத்ததாகச் சொன்னீர்கள். இன்றுவரை ஊரில் எல்லோரும் அந்தப் பேனாவைக் கேட்கிறார்கள்.

சத்தியம் செய்து எழுதுங்கள்.

வேணி

*

ஐயம்பேட்டை,
20-9-1970

சத்தியம் கேட்ட மருமகளுக்கு, சத்தியத்தின் மறு அவதாரமான மாமன் எழுதுவது. தைலம் தடவினேன். முழங்கால் சுகம், இப்போது தைலம் வழுக்கித் தரையில் விழுந்து இடுப்புதான் சுகமில்லை. பருப்பு இன்னும் வரவில்லையா?

சத்தியம், சத்தியம், சத்தியம். என் வாய்க்குப் பூட்டுப் போட்டு, சாவியைக் கிணற்றில் எறிந்து, கிணற்றையும் தூர்த்துவிட்டேன்.

ஆனால் வேணி, இங்கே நடந்ததைக் கேள். உன் நைனா உனக்கு மாப்பிள்ளை பார்த்து, வெற்றிலை பாக்கும் மாற்றிவிட்டார்! தாமல் வீரபத்திரன் மகன் வரதராஜன். பி.இ. படித்து ஜூனியர் இன்ஜினீயராக இருக்கிறான். "ஏப்ரல்ல பொண்ணு பி.இ. முடிச்சுக்கினு வந்துடும், வைகாசில கல்யாணம்" என்று சபையில் வாக்குக் கொடுத்தாயிற்று. நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். தாய்மாமனைக் கேட்காமல் தேதி! தொண்டை வரைக்கும் வந்தது: "மச்சான், ஏப்ரல்ல ஒண்ணும் முடியாது!" உன் சத்தியம் குறுக்கே படுத்துக்கொண்டது. விழுங்கினேன். அது இன்னும் செரிக்கவில்லை. நீ தீபாவளி வரை காத்திருக்காதே. இன்றே உன் நைனாவுக்கு எழுது.

மற்றபடி விசேஷமில்லை. போன வாரம் மூன்று நாள் தாமலில் வேலை. அதே வீரபத்திரன் கிணற்றில் என்ஜின் மக்கர் செய்தது. பிஸ்டன் ரிங்கு போயிருந்தது. போட்டுக் கொடுத்தேன். நல்ல சாப்பாடு. அவ்வளவுதான், வேறொன்றும் பேசவில்லை.

மாமன் அர்ஜுனன்

*

முசரவாக்கம்,
4-10-1970

செல்வி கிருஷ்ணவேணிக்கு நைனா தர்மன் ஆசீர்வதித்து எழுதுவது. நாங்கள் சுகம். உன் சுகத்துக்கு எழுதவும்.

நேற்று தாமலிலிருந்து வீரபத்திரனும் இன்னும் இரண்டு பெரியவர்களும் வந்தார்கள். நீ எம்.இ.யும் சேர்த்துப் படிப்பதாக அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. என் வீட்டுச் சங்கதியை என் சம்பந்தி வந்து எனக்குச் சொல்கிறார். நான் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டு நின்றேன்.

"மாப்பிள்ளை பி.இ., பொண்ணு எம்.இ.ன்னா நாளைக்கு யார் யாருக்குக் கீழ? ரெண்டு பட்டத்தோட எங்க வேணி வர்றப்போ உங்க பையன் ஃபைலைத் தூக்கிக்கினு பின்னாடியே வருவான்னு உங்க ஆளு ஒருத்தர் எங்க கிணத்து மேட்டுலயே நின்னு சொல்றாரு" என்றார் வீரபத்திரன். அந்த ஆள் யார் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.

பி.இ.யோடு நிறுத்தினால் கல்யாணம். அதுதான் அவர்கள் பேச்சு. நான் சரி என்றேன். ஏப்ரலில் பெட்டி படுக்கையோடு வந்து சேர்.

தர்மன்

*

ஐயம்பேட்டை,
15-10-1970

மருமகளுக்கு, கோபத்தில் கொதிக்கும் மாமன் எழுதுவது. உடம்பு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். என் சுகம் கேட்காதே, எனக்கு ரத்தம் கொதித்து ஆவியாகி, உடம்பில் இப்போது எலும்பும் மீசையும்தான் மிச்சம்.

உன் நைனா இங்கே வந்து சொன்னார். யாரோ ஒரு சண்டாளன் தாமலுக்குப் போய் உன் படிப்பைப் பற்றி உளறியிருக்கிறான்! அவன் மட்டும் என் கையில் கிடைக்கட்டும். அவனை ஃபிளைவீலில் கட்டி என்ஜினை ஓடவிடுவேன். அவன் நாக்கை அறுத்துப் பெல்டுக்குப் பதிலாகப் போடுவேன், அது எப்படியும் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி வரை நீளும். ஒரு பெண்ணின் படிப்பில் மண்ணள்ளிப் போட்டவன் அடுத்த பிறவியில் டீசல் புகைக்குழாயாகப் பிறப்பான். இப்படிப்பட்ட வாயாடிகளை எல்லாம் பிடித்துப் பாலாற்று மணலில் கழுத்து வரை புதைக்க ஒரு சட்டம் வேண்டும்.

உன் நைனாவும் லேசுப்பட்டவர் இல்லை. "நிறுத்திடு"ன்னு எவனோ சொன்னானாம், இவர் "சரி"ன்னாராம். நான் கேட்டேன்: "மச்சான், ஓடிக்கினு இருக்கிற பஸ்ஸிலேர்ந்து பொண்ண இறங்கச் சொல்றியே!"

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "யாரு அவளை அந்த பஸ்ஸுல ஏத்தினது?" என்று கேட்டார்.

எனக்கு அவசர வேலை இருந்தது, உள்ளே போய்விட்டேன்.

தீபாவளிக்கு வருகிறாய் அல்லவா? முதலில் இங்கே வா.

மாமன் அர்ஜுனன்

*

சென்னை,
8-11-1970

மாமாவுக்கு வேணி. நான் நலம். உங்கள் எலும்பும் மீசையும் நலமா?

தீபாவளிக்கு வந்தேன். உங்கள் வீட்டுக்கு வராமலே பஸ் ஏறினேன். வேலை இருந்ததால் அல்ல.

கிணற்று மேட்டில் நின்று ஒருவர் பேசியதாக நைனா எழுதியிருந்தார். செப்டம்பரில் மூன்று நாள் அந்தக் கிணற்று மேட்டில் நின்றவர் யார்? "உங்க பையன் ஃபைலைத் தூக்கிக்கினு பின்னாடியே வருவான்." செங்கல்பட்டு ஜில்லா முழுக்கத் தேடினாலும் இப்படி ஒரு வாக்கியத்தைச் செய்ய ஒரே ஒரு ஆளால்தான் முடியும். அந்தச் சண்டாளனைப் பாலாற்று மணலில் புதைக்க வேண்டுமானால் நீங்களே குழி தோண்டி நீங்களே இறங்க வேண்டியிருக்கும். ஒரு பக்கம் முழுக்க அவனைத் திட்டி எனக்கே அனுப்பினீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் என்ன, சின்னப்பையன் கடையில் வடை தின்ன வந்தவளா?

நைனாவிடம் சொன்னேன். மார்க் ஷீட்டை வைத்து, விதிகளை வைத்துச் சொன்னேன். "அஞ்சு வருஷம் படிச்சிருக்கே, ஒரு பட்டமும் தரமாட்டாங்களா? எந்த ஊரு நியாயம்?" என்றார். அவர் நம்பவில்லை. நான் எம்.இ. ஆசையில் பொய் சொல்வதாக நினைக்கிறார். அவருடைய மச்சான் இத்தனை வருஷம் சொன்ன கதைகளைக் கேட்டவருக்கு, நான் சொல்லும் நிஜமும் கதையாகத்தான் தெரிகிறது.

ஏப்ரலில் நின்றால் எனக்கு ஒன்றுமில்லை. ஐந்து வருஷம், ஒன்றுமில்லை. இது உங்களுக்குப் புரிகிறதா?

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று: ஒன்றும் செய்யாமல் இருப்பது. தாமலுக்குப் போகாதீர்கள். யாரிடமும் பேசாதீர்கள். எழுத வேண்டியவருக்கு நான் எழுதுகிறேன்.

வேணி

*

ஐயம்பேட்டை,
16-1-1971

வீர மருமகளுக்கு, பாவமன்னிப்புக் கேட்டு முடித்து, பாவத்தைக் கழுவியும் முடித்த மாமன் எழுதுவது. பொங்கல் நன்றாக நடந்தது. உடம்பு சுகம். உனக்குப் பரீட்சை என்று வரவில்லையாமே, சுகமாக எழுதினாயா?

ஆமாம், அந்தச் சண்டாளன் நான்தான். என்ன செய்வது? வீரபத்திரன் கிணற்று மேட்டில் நின்றுகொண்டு, "எங்க பையன் இன்ஜினீயரு, எங்க பையன் இன்ஜினீயரு" என்று மூன்று நாளும் சொல்லிக்கொண்டே இருந்தால், பக்கத்தில் கிரீஸ் கையோடு நிற்கிறவனுக்கு வாய் சும்மா இருக்குமா? எனக்கும் ஒரு மருமகள் இருக்கிறாள் அல்லவா? தப்புத்தான். இரண்டு மாதம் சோறு இறங்கவில்லை. (தோசை இறங்கியது.)

ஆனால் கேள். எல்லாவற்றையும் நேற்று ஒரே அடியில் சரி செய்துவிட்டேன்!

மாட்டுப் பொங்கல். தாமலில் வீரபத்திரன் வீட்டு வாசலில் மாடுகளுக்குக் கொம்புக்கு வர்ணம் அடித்துக்கொண்டு ஊரே நின்றது. உன் நைனாவையும் அழைத்திருந்தார்கள். சபை நடுவில் போய் நின்றேன். கூத்தில் கர்ண மோட்சத்தன்றுகூட அப்படி ஒரு கூட்டமும் இல்லை, அப்படி ஒரு குரலும் இல்லை.

"வீரபத்திரா! எங்க பொண்ண பி.இ.யோட நிறுத்தணுமாமே? ரெண்டு பட்டம் இன்னாபா, நாலு வாங்கப் போறா! ஜெர்மனிக்காரன் கப்பலோட வந்து காத்துக்கினு இருக்கிறான். உன் பையன் இப்போலேர்ந்தே ரசம் வெக்கக் கத்துக்கட்டும், அங்க இவ ஆபீசுக்குப் போனா அடுப்படி அவனுதுதான்!"

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். மாடுகள்கூடச் சிரித்தன. வீரபத்திரன் முகம் கொம்பு வர்ணத்தைவிடச் சிவந்தது.

"இன்னும் கேளு. படிப்ப நிறுத்தினா மாமன் மாலை வராது. மாமன் மாலை வராம எங்க பொண்ணு மணையில உக்காராது!"

"உன் மாலையும் வேணாம், உன் பொண்ணும் வேணாம், போய்யா!" என்று வீரபத்திரன் வெற்றிலைத் தட்டை எறிந்தார். அது என் காதை உரசிக்கொண்டு போய்ச் சாணத்தில் விழுந்தது.

ஒழிந்தது கல்யாணம்! இனி ஏப்ரல் இல்லை, வைகாசி இல்லை. ஆறு வருஷமும் படி, அறுபது வருஷமும் படி. உன் நைனாவும் அங்கேதான் நின்றார். முகம் சிவந்திருந்தது, வெயில் அதிகம் என்று நினைக்கிறேன்.

மாமனை மன்னித்து இரண்டு வரி எழுது.

மாமன் அர்ஜுனன்

*

ஐயம்பேட்டை,
20-2-1971

மருமகளுக்கு மாமன். சுகம். உன் சுகம் தெரியவில்லை. ஒரு மாதத்துக்கு மேலாகிறது, உன்னிடமிருந்து கடிதம் இல்லை. தபால்காரரை மறித்து மறித்துக் கேட்டதில் அவர் இப்போது அடுத்த தெரு வழியாகப் போகிறார்.

உன் அம்மா சுகம் என்று கேள்வி. நீ கேட்டால் சொல்வதற்காக எழுதினேன். இங்கே வேறு விசேஷம் ஒன்றுமில்லை.

பரீட்சை மார்க் வந்ததா? திட்டியாவது எழுது.

மாமன்

*

சென்னை,
3-3-1971

மாமாவுக்கு.

நலம் விசாரிக்கும் வரிகளை இந்தக் கடிதத்தில் விட்டுவிடுகிறேன். வைத்தால் பொய்யாகிவிடும்.

எழுத வேண்டியவருக்கு நான் எழுதுகிறேன் என்று நவம்பரில் சொன்னேன். வரதராஜனுக்கு எழுதினேன். நான் படிப்பது என்ன, நடுவில் நின்றால் என்ன ஆகும் என்று ஒரே பக்கம். பத்து நாளில் அவரே வந்தார். வார்டன் முன்னால், பார்வையாளர் அறையில், பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "ஆறாம் வருஷம் ப்ராஜெக்ட் என்ன எடுக்கப் போறீங்க?"

நம் குடும்பத்தில் இதுவரை ஒருவரும் என்னிடம் கேட்காத கேள்வி. நைனா கேட்டதில்லை. என் படிப்பைப் பற்றி ஊருக்கெல்லாம் கூத்துக் கட்டும் நீங்களும் கேட்டதில்லை. வோல்டேஜ் குறையும்போது பம்புசெட் மோட்டார்கள் ஏன் எரிகின்றன என்பதைப் பற்றி என்றேன். அவர் வேலை பார்க்கும் இடத்தில் எரிந்த மோட்டார்களைப் பற்றிச் சொன்னார். ஒரு மணி நேரம் மோட்டார் பேசினோம். தானும் எம்.இ. படிக்க நினைத்து முடியாமல் போனதைச் சொன்னார். டிசம்பரில் இன்னொரு முறை வந்தார். "ஒரு வருஷம்தானே, காத்திருக்கேன். அப்பாகிட்ட மாட்டுப் பொங்கல் அன்னிக்குச் சாயங்காலம் சொல்றேன். அன்னிக்குத்தான் அவர் நல்ல மனசோட இருப்பார்" என்றார்.

மாட்டுப் பொங்கல் அன்று. சாயங்காலம். நீங்கள் காலையிலேயே போய்விட்டீர்கள்.

நான் ஏன் முன்பே உங்களிடம் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொல்லியிருந்தால் மறுநாளே ஐயம்பேட்டை பஸ் நிறுத்தத்தில் நீங்கள் சொல்லும் கதையில் நானும் அவரும் ஹெலிகாப்டரில் பறந்துகொண்டிருப்போம்.

ஜனவரியில் அவரிடமிருந்து நாலு வரி வந்தது. தன் அப்பாவை ஊரே பார்த்துச் சிரித்தபிறகு, அந்த வீட்டுப் பெண்ணைப் பற்றி அவரிடம் பேச இப்போது தனக்கு வாய் வரவில்லை என்று. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. என் நைனாவைப் பார்த்து ஊரே சிரிக்கும்படி யாராவது பேசியிருந்தால் நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

கல்யாணத்தை ஒழித்ததாகக் கொண்டாடினீர்கள். நான் அந்தக் கல்யாணத்தை ஒழிக்கச் சொல்லவில்லை. என்னை யாராவது ஒரு வார்த்தை கேட்டீர்களா? நைனா தேதி குறித்தார். வீரபத்திரன் நிறுத்து என்றார். நீங்கள் உடைத்தீர்கள். மூன்று ஆண்பிள்ளைகள் என்னை நடுவில் வைத்து வடம் பிடித்து இழுத்தீர்கள், அதில் எனக்காக இழுப்பதாகக் கத்திய நீங்கள்தான் அதிகம் இழுத்தீர்கள்.

இன்னும் இருக்கிறது. போன வாரம் நைனா காலேஜுக்கே வந்துவிட்டார். "கல்யாணமும் வேணாம், படிப்பும் வேணாம், நீ வீட்டுக்கு வா. உன் மாமன் பண்ண அவமானத்துக்கு இந்தப் படிப்புதான் காரணம்." என் பெயரை நீக்கவும், சர்டிபிகேட்டுகளைத் திருப்பித் தரவும் படிவம் கேட்டார். ரிஜிஸ்டரில் உள்ள கார்டியன் கையெழுத்து இல்லாமல் முடியாது என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். படிவத்தோடு அவர் உங்களிடம் வருவார்.

"அம்மா சுகம் என்று கேள்வி" என்று எழுதியிருக்கிறீர்கள். சைக்கிளில் போகிற தூரத்தில் இருக்கும் தங்கை சுகம் உங்களுக்கு ஏன் கேள்வியாக வருகிறது என்று அம்மாவுக்கு எழுதிக் கேட்டேன். பொங்கலிலிருந்து நைனா உங்களை வாசலிலேயே நிறுத்திவிட்டாராம். அதை எனக்கு எழுதவில்லை. ஊரில் நடக்காததையெல்லாம் எழுதுகிறீர்கள்.

படிவத்தில் என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. இதுவரை நான் சொன்ன எதையும் நீங்கள் கேட்டதில்லை.

வேணி

*

முசரவாக்கம்,
21-3-1971

கண்ணு வேணிக்கு அம்மா ஜெயம்மாள் சொல்ல, பக்கத்து வீட்டுக் கமலவேணி எழுதுவது. அம்மா சொல்வதைச் சொல்கிறபடியே எழுதுகிறேன். எல்லாரும் சுகம், நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்கச் சொல்கிறார்.

ஞாயித்துக்கிழமை நைனா அந்தக் காலேஜ் பாரத்த எடுத்துக்கினு மாமா வீட்டுக்குக் கிளம்பினாரு. நானும் வர்றேன்னு பின்னாலயே போனேன். அண்ணன் பட்டறையில என்ஜினைப் பிரிச்சுப் போட்டுக்கினு உக்காந்திருந்தாரு. ரொம்ப எளைச்சுப் போயிட்டாருடி.

"போடு கையெழுத்த"ன்னாரு நைனா. அண்ணன் பேசல. "போடுறியா இல்லியா?" பேசல. நைனா கத்தினாரு பாரு, தெருவே கூடிப் போச்சு. "வாய்கிழியப் பேசுவியே! என் மானத்த வாங்கினியே! இப்போ இன்னா ஊமையாயிட்டே? பேசுடா!" அந்தச் சின்னப்பையன்கூட டீக்கடைய வுட்டுட்டு வந்து, "இன்னாபா அர்ஜுனா, உடம்பு சரியில்லியா?"ன்றான். அண்ணன் கையத் துடைச்சாரு, எழுந்தாரு, பாரத்த வாங்கினாரு. முன்பக்கம் படிச்சாரு. திருப்பிப் பின்பக்கமும் படிச்சாரு. மடிச்சு நைனா சட்டைப் பையிலேயே வெச்சாரு. கையெழுத்துப் போடல. சைக்கிள எடுத்துக்கினு போயிட்டாரு.

தாமல் ரோட்டுல திரும்புறதப் பாத்து நைனாவும் நானும் பஸ் புடிச்சுப் போனோம். தாமலுக்குத்தான். வீரபத்திரன் வாசல்ல பத்துப் பேரு இருந்தாங்க. அண்ணன் சட்டையக் கழட்டித் தோள்ல போட்டுக்கினு வெயில்ல நின்னாரு. "நான் அன்னிக்குச் சொன்னது அத்தனையும் பொய். அந்தப் பொண்ணு ஒரு வார்த்தைகூட அப்படிச் சொல்லல. உங்க பையனப் பத்தியும் கொறைச்சலாப் பேசினது நான்தான். திமிரு என்னுது." அவ்வளவுதான். வேற ஒண்ணும் சேக்கல. எங்க அண்ணனா இதுன்னு பாத்துக்கினே நின்னேன். வீரபத்திரன் எழுந்து உள்ள போயிட்டாரு. திண்டாட்டமா நின்னுக்கினு இருந்தோம். அந்த வரதராஜன்தான் செம்புல தண்ணி கொண்டாந்து குடுத்துச்சு.

பாரம் இன்னும் நைனா சட்டையிலயே இருக்குது. துவைக்கப் போடச் சொன்னா தரமாட்டேன்றாரு.

மே மாசம் நீ வா. நீயே வந்து பேசு.

உன் அம்மா

*

சென்னை,
6-7-1971

மாமாவுக்கு வேணி எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால், இடுப்பு, மற்ற பாகங்கள் எல்லாம் எப்படி இருக்கின்றன? அம்மா எழுதச் சொன்னாள் என்பதற்காகக் கேட்கவில்லை.

மார்ச்சிலிருந்து உங்களிடமிருந்து ஒரு கார்டு கூட இல்லை. நான் உங்களைச் சும்மா இருக்கச் சொன்னேன், செத்துப்போகச் சொல்லவில்லை.

மே மாதம் முழுக்க நைனாவோடு சண்டை. விதிப் புத்தகத்தை மூன்று தடவை படித்துக் காட்டச் சொன்னார். மூன்றாவது தடவை நடுவில் நிறுத்தி, "நெஜமாவே அஞ்சாம் வருஷம் ஒண்ணும் தரமாட்டாங்களா?" என்றார். நெஜமாவே, என்றேன். "அப்போ நான்தான் ஊரு முழுக்கத் தப்பாச் சொல்லிக்கினு இருந்தேனா?" என்று கேட்டுவிட்டுக் கழனிக்குப் போய்விட்டார். சனிக்கிழமை என் பெட்டியை அவரே பஸ்ஸில் ஏற்றினார். "ஆறுன்னா ஆறுதானே? ஏழு ஆவாதே?" ஆகாது என்றேன். "சரி, ஊருக்கு ஆறுன்னு நான் சொல்லிக்கிறேன். உன் மாமன் சொல்ல வேணாம்."

நேற்று ஆறாம் வருஷம் தொடங்கியது. ஐந்து பேரில் இப்போது நாலு பேர்தான். ஒருவனைக் குடும்பத்தில் நிறுத்திவிட்டார்கள். அவன் பெஞ்சு காலியாக இருக்கிறது. பேராசிரியர் பழக்கத்தில் இன்றும் அவன் பெயரைக் கூப்பிட்டார்.

உங்கள்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. தீர்ந்துவிட்டதாக அம்மாவிடம் சொல்லிக்கொள்ளாதீர்கள். தாமலில் நீங்கள் பேசியதற்காகப் பாதி குறைந்தது, பேசவேண்டிய நிலையைக் கொண்டுவந்ததற்காக மீதி அப்படியே இருக்கிறது. பார்வையாளர் நேரம் ஞாயிறு நாலிலிருந்து ஐந்து. வந்தால் வாருங்கள். நான் திட்டுவேன், ஒரு மணி நேரமும் நீங்கள் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

போன வாரம் தாமலிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. நாலு வரி அல்ல, ஆறு பக்கம். பதிலும் போட்டாயிற்று. அதில் என்ன எழுதியிருந்தது என்று நைனாவுக்கு ஒருநாள் சொல்வேன், அம்மாவுக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டேன். உங்களுக்கு மட்டும் சொல்லமாட்டேன்.

வேணி